ஹெல்மெட் கேமராவுடன் ஸ்கைடைவிங்: 150 கிராம் கருவிக்கு 200 குதிப்பு அனுபவம் எதற்கு?

2025 செப்டம்பர் 20 அன்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், டல்லி விமானதளத்துக்கு மேலே செஸ்னா கேரவன் விமானம் ஒன்றிலிருந்து 16 பேர் ஒன்றாகக் குதித்து வானில் ஓர் அமைப்பை உருவாக்கத் தயாரானார்கள். அதைப் படமெடுக்க இன்னொருவர் உடன் வந்திருந்தார். முதலில் வெளியேறியவரின் ரிசர்வ் பாராசூட் (பிரதான பாராசூட் கைவிட்டால் பயன்படும் மாற்று) கைப்பிடி, விமான இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஃபிளாப் என்ற பலகையில் மாட்டிக்கொண்டது. பாராசூட் உடனே விரிந்து அவரைப் பின்னோக்கி இழுத்தது. அவர் கால்கள் இடித்ததில் ஒளிப்பதிவாளரும் விமானத்திலிருந்து விழுந்தார். விரிந்த பாராசூட் விமானத்தின் வாலில் சிக்கிக்கொள்ள, குதித்தவரோ அதில் தொங்கினார். தன்னிடமிருந்த கொக்கிக் கத்தியால் 11 கயிறுகளை அறுத்து விடுபட்டு, பிரதான பாராசூட்டை விரித்து, சிறு காயங்களோடு தரையிறங்கினார்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு டிசம்பரில் இந்தக் காட்சியையும் விசாரணை அறிக்கையையும் வெளியிட்டது. காட்சியைப் பார்த்தவர்கள் வால் பகுதியில் தொங்கியதைப் பற்றித்தான் பேசினார்கள். நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சின்னக் கைப்பிடியை. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பொருள், மாட்டக்கூடாத இடத்தில் மாட்டியது. அப்படியென்றால் தலையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கேமராவை என்ன சொல்வது?

ஸ்கைடைவிங் கற்கத் தொடங்கும் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு சின்ன கோப்ரோ கேமராவை ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டு குதித்தால் என்ன ஆகிவிடும்?" முடியாது என்கிறார்கள் பயிற்சியாளர்கள். அமெரிக்கப் பாராசூட் சங்கம், குறைந்தது 200 முறை குதித்து, ஏ முதல் டி வரையிலான நான்கு படிகளில் மூன்றாவதான 'சி' உரிமம் பெற்ற பிறகே கேமராவைத் தொடப் பரிந்துரைக்கிறது. கருவியின் எடை ஏறக்குறைய 150 கிராம். அதற்கு ஏன் இவ்வளவு பெரிய தடை? ஒரு குதிப்பில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும்.

## ஒரு குதிப்பில் எவ்வளவு நேரம் இருக்கிறது?

விமானம் பெரும்பாலும் 13,000 அடி, அதாவது ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரம் வரை ஏறும். வயிறு தரையைப் பார்க்க, கை கால்களை விரித்து விழுபவரின் வேகம் மணிக்கு 190 முதல் 200 கி.மீ. வரை இருக்கும். தலைகீழாக விழுந்தால் 250 கி.மீ.யைத் தாண்டும். சாதாரண நிலையிலேயே நொடிக்கு 55 மீட்டர் கீழே போய்க்கொண்டிருக்கிறோம். பாராசூட் விரியும் வரையிலான வீழ்ச்சி மொத்தம் ஒரு நிமிடம்தான்.

அந்த ஒரு நிமிடத்தின் கடைசிப் பகுதியில் மூன்று உயரங்கள் முக்கியம்.

1. திறக்கும் உயரம். அமெரிக்க விதிப்படி 'சி' உரிமம் உள்ளவர் பாராசூட்டை விரிப்பதற்கான குறைந்தபட்ச உயரம் பொதுவாக 2,500 அடி. மாணவர்களுக்கும் 'ஏ' உரிமக்காரர்களுக்கும் 3,000 அடி.

2. முடிவெடுக்கும் உயரம். விரிந்த பாராசூட் சரியில்லை என்றால், அதைக் கழற்றிவிட்டு ரிசர்வை இழுப்பதா என்று தீர்மானிப்பதற்கான கடைசி உயரம் இது. அனுபவம் உள்ளவர்களுக்கு 1,800 அடி, மாணவர்களுக்கு 2,500 அடி.

3. தானியங்கிக் கருவி செயல்படும் உயரம். குதிப்பவர் மயங்கிவிட்டாலோ உயரத்தை மறந்துவிட்டாலோ ரிசர்வைத் தானே திறக்கும் கருவி ஒன்று முதுகுப் பையில் இருக்கும். 1991இல் வந்த சைப்ரஸ் என்ற கருவி இவற்றில் பெயர் பெற்றது. அதன் வழக்கமான வகை, ஏறக்குறைய 750 அடியில் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால் செயல்படும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,500 அடியிலிருந்து முழு வேகத்தில் விழுந்தால் 14 நொடியில் தரை. 1,800 அடியிலிருந்து 10 நொடி. கேமராவில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று 3 நொடி யோசித்தால் 165 மீட்டர் போய்விட்டது. பாராசூட் முழுதாக விரியவே ஏறக்குறைய 200 முதல் 300 மீட்டர் தேவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 3 நொடி என்பது சின்ன விஷயமே அல்ல.

## தலைக்குப் பக்கத்தில் ஓடும் கயிறுகள்

பாராசூட் விரிவது ஒரே அசைவில் நடப்பதில்லை. முதலில் குதிப்பவர் கையால் ஒரு சிறு குடையைக் காற்றில் வீசுகிறார். அதற்கு பைலட் சூட் என்று பெயர். காற்று அதைப் பிடித்து இழுக்க, அதோடு இணைந்த பட்டை முதுகுப் பையின் ஊசியை உருவுகிறது. பிரதான பாராசூட் மடித்து வைக்கப்பட்ட பை மேலே கிளம்புகிறது. ரப்பர் வளையங்களில் சுருட்டி வைத்த கயிறுகள் ஒவ்வொன்றாக விடுபட்டு நீள்கின்றன. அப்புறம்தான் துணி பையை விட்டு வெளியே வந்து காற்றை வாங்குகிறது.

இதெல்லாம் நடப்பது தோள்களுக்குப் பின்னாலும் தலைக்குப் பின்னாலும். கயிறுகளை உடலோடு இணைக்கும் ரைசர் என்ற தடித்த பட்டைகள் இரு தோள்களிலிருந்தும் மேலெழுந்து தலையின் இரு பக்கமும் உயரும். வயிற்றுப் பக்கம் கிடந்த உடல் நிமிர்ந்து செங்குத்தாகும் அதே நேரத்தில் இவை காதை ஒட்டிப் போகும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள அந்தக் கயிறுகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான கிலோ இழுவிசையைத் தாங்கக் கூடியவை. எதிலாவது மாட்டினால் அறுந்து வழிவிடாது.

உடல் நேராகவும் தோள்கள் ஒரே மட்டத்திலும் இருந்தால் கயிறுகள் தலையைத் தொடாமலே போய்விடும். உடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, சுழன்றுகொண்டிருந்தாலோ, முதுகு கீழாக விழுந்துகொண்டிருந்தாலோ கயிறுகள் முகத்துக்கு முன்னாலோ கழுத்தை ஒட்டியோ வரும். புதியவர்களுக்குச் சீரான உடல்நிலை எப்போதும் கைகூடுவதில்லை. அவர்கள் தலையில் கேமரா இல்லாவிட்டால், உரசிப் போகும் கயிறு பெரும்பாலும் வழவழப்பான ஹெல்மெட்டின் மேல் வழுக்கிப் போய்விடும். கேமரா இருந்தால் கயிறு போய் உட்கார ஓர் இடம் கிடைக்கிறது.

கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தாங்கியைக் கவனித்துப் பாருங்கள். ஹெல்மெட்டில் ஒட்டும் தட்டு, அதிலிருந்து எழும் கை, திருகு, அதன் மேல் கேமரா. கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சைக்கிளில் போகிறவருக்கு அதனால் ஒன்றுமில்லை. பாராசூட் கயிறு நுழைய அது போதும். கருவி சிறிதாக இருப்பதால் ஆபத்தும் சிறிது என்று நினைப்பது இங்கேதான் தவறாகிறது. மாட்டுவதற்குப் பெரிய பொருள் வேண்டியதில்லை, ஓர் இடுக்கு போதும்.

## கவனத்தில் கேமரா எடுத்துக்கொள்ளும் பங்கு

கயிறு மாட்டுவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. அதைவிடப் பெரிது, மனத்தில் கேமரா பிடித்துக்கொள்ளும் இடம். 200 என்ற எண்ணிக்கைக்கு முதன்மையான காரணமே இதுதான் என்பது என் கருத்து.

முதல் சில டஜன் குதிப்புகளில் மனம் முழுவதும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். உயரம் பார்க்க வேண்டும், உடலைச் சீராக வைக்க வேண்டும், மற்றவர்கள் எங்கே என்று பார்க்க வேண்டும், எந்த உயரத்தில் பிரிவது, எந்தக் கைப்பிடியை எப்போது இழுப்பது என்று நினைவில் வைக்க வேண்டும். இவை பழகப் பழகத்தான் யோசிக்காமலே நடக்கும் காரியங்களாக மாறுகின்றன. அப்போதுதான் மனத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தில்தான் கேமராவை வைக்க முடியும். மிச்சமே இல்லாதபோது கேமராவைச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ள ஏதோ ஒன்று வெளியே தள்ளப்படும். வெளியே போவது உயரத்தைப் பற்றிய கவனமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

"நான் கேமராவைத் தொடவே மாட்டேன், அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. கையால் தொடாவிட்டாலும் கேமரா நடத்தையை மாற்றும். நண்பரின் முகம் படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போவார்கள். பிரிய வேண்டிய உயரம் வந்த பிறகும் ஒரு நொடி கூடுதலாக நிற்பார்கள். பாராசூட் விரிவதைப் பதிவுசெய்ய, தவறான நேரத்தில் தலையைத் தூக்குவார்கள். பார்க்கப் போகிற ஒருவருக்காகக் குதிக்கும்போது முடிவுகள் மாறுகின்றன.

அனுபவசாலிகளுக்கும் இது பொருந்தும். 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், 800க்கும் மேற்பட்ட முறை குதித்த ஒருவர், ஒரு மாணவரையும் பயிற்றுநரையும் படமெடுப்பதற்காக விமானத்திலிருந்து குதித்தார். பாராசூட் அணிந்திருக்கவில்லை. அவர் உடலில் கட்டியிருந்த அந்தக் காலத்துப் பெரிய ஒளிப்பதிவுக் கருவியின் எடை, பாராசூட் முதுகில் இருப்பது போன்ற உணர்வைத் தந்திருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது. படமெடுக்கும் வேலையில் மனம் மூழ்கியிருக்கும்போது, எத்தனை ஆண்டுப் பழக்கமும் கைவிட்டுப் போகலாம். குதிக்கும் முன் கருவிகளை மூன்று முறை, அதாவது அணியும் முன், விமானத்தில் ஏறும் முன், கதவு திறக்கும் முன் சரிபார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவதும், கேமராவைத் தயார்செய்வது அந்தச் சோதனைகளுக்கு நடுவில் வரவே கூடாது என்பதும் இதனால்தான்.

## பழைய கேமராவும் புதிய கேமராவும்

1960, 70களில் கார்ல் போனிஷ் போன்ற ஸ்கைடைவிங் ஒளிப்பதிவாளர்கள் 16 மி.மீ. ஃபிலிம் கேமராக்களை ஹெல்மெட்டில் பொருத்திக் குதித்தார்கள். பின்னர் வீடியோ கேமராக்கள் வந்தன. எடையும் விலையும் அதிகம் என்பதால் தேர்ந்தவர்கள் மட்டுமே அந்த வேலைக்கு வந்தார்கள். அவர்களுடைய பெரிய கவலை கழுத்து. பாராசூட் சில நேரம் எதிர்பாராமல் கடுமையாக விரியும். அந்த நொடியில் உடல் 10 மடங்கு புவியீர்ப்பை உணர்ந்தால், தலையில் உள்ள ஒன்றரைக் கிலோ கருவி 15 கிலோவாக இழுக்கும். அது ஒரு பக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தால் கழுத்து திருகப்படும். அதனால்தான் ஒளிப்பதிவாளர்கள் மெதுவாக விரியும் பாராசூட்டுகளையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள், மடிப்பதிலும் கூடுதல் கவனம் காட்டுகிறார்கள்.

2009இல் கோப்ரோவின் எச்டி கேமரா வந்த பிறகு கழுத்துப் பிரச்சினை பெரிதும் குறைந்தது. 150 கிராம் கருவி 10 மடங்கிலும் ஒன்றரைக் கிலோதான். கூடவே இன்னொன்றும் போய்விட்டது. எடையும் விலையும் போட்டிருந்த வேலி அது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்றானது. கயிறு மாட்டும் ஆபத்தும் கவனம் சிதறும் ஆபத்தும் அப்படியே இருக்க, அவற்றைச் சந்திப்பவர்கள் மட்டும் அனுபவம் குறைந்தவர்களாக மாறினார்கள். அதனால்தான் அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரை சின்னக் கேமரா, பெரிய கேமரா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 200 குதிப்போடு, படமெடுக்கப் பயன்படுத்தப்போகும் அதே பாராசூட்டில் அண்மையில் 50 முறையாவது குதித்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

## எப்படிப் பொருத்துவது?

1. இடுக்கு இருக்கக் கூடாது. கேமரா ஹெல்மெட்டின் பரப்போடு ஒட்டி உட்கார வேண்டும். குக்கி, போன்ஹெட், டோன்ஃப்ளை போன்ற நிறுவனங்கள் ஸ்கைடைவிங்குக்கென்றே ஹெல்மெட்டுகளும் தாங்கிகளும் செய்கின்றன. தவிர்க்க முடியாத விளிம்புகளையும் திருகுகளையும் டேப் ஒட்டி மூட வேண்டும். நூல் ஒன்றை எடுத்துக் கேமராவைச் சுற்றி எல்லாத் திசையிலும் இழுத்துப் பார்த்தால், எங்கே மாட்டுகிறது என்று தரையிலேயே தெரிந்துவிடும்.

2. மிச்சமிருக்கும் முனைகள், விரியும் பாராசூட்டுக்கு எதிர்த்திசையைப் பார்த்திருக்க வேண்டும். உச்சந்தலையிலும் பின்பக்கத்திலும் வைப்பது கயிறுகளின் பாதைக்கு அருகில் போகிறது. தாடைப் பகுதி ஓரளவு தள்ளியிருக்கிறது. ஆனால் முதுகு கீழாக விழும்போது கயிறு முகப்பக்கமாக வரும் என்பதால், ஆபத்தே இல்லாத இடம் என்று எதுவும் இல்லை.

3. அவசரத்தில் கழற்ற வழி வேண்டும். தாடைக் கவசத்தை ஒரே இழுப்பில் விடுவித்து ஹெல்மெட்டையே உதறிவிடும் அமைப்பு ஒரு வகை. கேமரா மட்டும் பிரிந்து போகும் தாங்கி இன்னொரு வகை. எதுவானாலும் கையுறை போட்ட ஒரே கையால், பார்க்காமலே செய்ய முடிய வேண்டும். அதைத் தரையில் பலமுறை பழகியிருக்க வேண்டும்.

4. கேமரா தொலையாமலிருக்கப் பாதுகாப்புக் கயிறு கட்டுவது பனிச்சறுக்கில் நல்ல பழக்கம். இங்கே அது கேடு. கேமரா பிரிந்தாலும் அந்தக் கயிறு தலையோடு பிணைத்து வைத்திருந்தால், பிரியும் தாங்கியால் பயனில்லை. அதற்காகக் கேமரா தளர்வாகவும் இருக்கக் கூடாது. உயரத்திலிருந்து விழும் கேமரா கீழே இருப்பவரைக் கொல்லலாம். ஒட்டும் தட்டாக இருந்தால் சுத்தமான பரப்பில் ஒட்டி, ஒரு முழு நாள் விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

5. பதிவைத் தொடங்குவது, கோணம், ஒளி அமைப்பு எல்லாம் தரையிலோ விமானம் ஏறும் போதோ முடிந்துவிட வேண்டும். கதவு திறந்த பிறகு கேமராவுக்காகக் கை மேலே போகக் கூடாது. பதிவு ஓடவில்லை என்று நடுவானில் தோன்றினால் அந்தக் காட்சி போனது போனதுதான்.

கூடவே, உயரத்தை அறிய, காதருகே ஒலி எழுப்பும் ஆல்டிமீட்டரும் (உயரமானி) கையில் பார்க்கும் ஆல்டிமீட்டரும் இரண்டும் வேண்டும். ஒலியை மட்டும் நம்பினால், சத்தம் கேட்காத ஒரு நாளில் எதுவும் மிஞ்சாது.

## கயிறு மாட்டிவிட்டால்?

ஒளிப்பதிவாளருக்கான பயிற்சியில் மிகக் கடினமான பகுதி இது. சாதாரணமாகப் பாராசூட் கெட்டுப்போனால் செய்வது தெளிவானது: பிரதான பாராசூட்டைக் கழற்றிவிட்டு ரிசர்வை இழுப்பது. கழற்றுவதைக் கட்அவே என்பார்கள்.

ஆனால் ஒரு கயிறு ஹெல்மெட்டில் மாட்டியிருக்கும்போது கட்அவே செய்தால், தோள்களிலிருந்து விடுபட்ட பாராசூட் தலையோடு மட்டும் இணைந்திருக்கும். மொத்த இழுவையும் கழுத்துக்கு வரும். அதற்கு மேல் ரிசர்வ் விரிந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளலாம். இன்னொரு சிக்கல், பலருடைய பையில் கட்அவே செய்த உடனே ரிசர்வைத் தானாகத் திறக்கும் இணைப்பு ஒன்று இருக்கும். அதை ஆர்எஸ்எல் என்பார்கள். மற்ற நேரங்களில் உயிர் காக்கும் அந்த இணைப்பு, இந்த ஒரு நிலையில் ரிசர்வை நேராகச் சிக்கலுக்குள் அனுப்பிவிடலாம். ஒளிப்பதிவாளர்கள் ஆர்எஸ்எல் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற விவாதம் இதனால்தான் தொடர்கிறது.

எனவே கேள்விகளின் வரிசை மாறுகிறது:

1. உயரம் எவ்வளவு இருக்கிறது?
2. கயிறு மாட்டியிருந்தாலும் இந்தப் பாராசூட்டைத் திருப்ப முடிகிறதா, வேகத்தைக் குறைத்து இறங்க முடிகிறதா? முடியுமென்றால் அப்படியே இறங்கிவிடுவதே நல்லது.
3. முடியாது என்றால் முதலில் ஹெல்மெட் அல்லது கேமரா போக வேண்டும். அதன் பிறகே கட்அவே, அப்புறம் ரிசர்வ்.
4. ஒன்றிரண்டு கயிறுகள்தான் சிக்கல் என்றால், நேரம் இருந்தால், கொக்கிக் கத்தி உதவும். டல்லி சம்பவத்தில் உயிரைக் காத்தது அதுதான். கொக்கிக் கத்தி வைத்திருப்பது அங்கே சட்டப்படி கட்டாயம் இல்லை என்றாலும் அது உயிர் காக்கக்கூடியது என்று விசாரணை அமைப்பு சொன்னது.

இங்கே ஒரு நடைமுறைத் தடங்கல் உண்டு. தன் தலையில் என்ன மாட்டியிருக்கிறது என்பதை யாராலும் பார்க்க முடியாது. தலை ஒரு பக்கம் இழுபடுவதை வைத்து ஊகிக்க வேண்டும். ஹெல்மெட்டை உதறினால் தரையிறங்கும்போது தலைக்குக் காப்பு இருக்காது, காதில் ஒலித்துக்கொண்டிருந்த ஆல்டிமீட்டரும் அதோடு போய்விடும். 10 நொடிக்குள் இத்தனையையும் எடைபோட வேண்டும் என்பதால், எந்த நிலைக்கு எந்த முடிவு என்பதைப் பயிற்றுநரோடு தரையிலேயே பேசித் தீர்மானித்துக்கொள்வது அவசியம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் செய்யக்கூடிய காரியம் அல்ல இது.

## குழுவில் இருக்கும்போதும், இறங்கும்போதும்

குழுவாகக் குதிப்பவர்கள் குறிப்பிட்ட உயரத்தில் நாலா பக்கமும் விலகிப் போய்ப் பாராசூட் விரிப்பார்கள். அவர்களுக்கு மேலே நின்று படமெடுப்பவர் வழக்கமாக நடுவிலேயே நின்று விரிப்பார். எனவே யார், எங்கே, எந்த உயரத்தில் என்பதில் ஒளிப்பதிவாளரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். "கேமராவோடு நானும் வருகிறேன்" என்று கடைசி நிமிடத்தில் ஒட்டிக்கொள்வது மோதலுக்கு வழி.

அமெரிக்காவில் 2023இல் ஏறக்குறைய 36.5 லட்சம் குதிப்புகளில் 10 பேர் இறந்தார்கள். விளையாட்டு எவ்வளவு பாதுகாப்பாக மாறியிருக்கிறது என்பதற்கு அது சான்று. அதே நேரம், ஆண்டுதோறும் நடக்கும் மரணங்களில் கணிசமானவை நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழ், இறங்கும் கட்டத்தில் நடப்பவை. நண்பர் இறங்குவதைப் படமெடுக்கத் தலையைத் திருப்பிக்கொண்டே வருவது அந்தக் கட்டத்தில்தான். தலை திரும்பும் பக்கம் தோளும் சாயும், தோள் சாய்ந்தால் பாராசூட்டும் அந்தப் பக்கம் திரும்பும்.

## டாண்டம் பயணிகளுக்கு ஏன் அனுமதி இல்லை?

துபாயிலோ வேறு எங்கோ, பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டு (இதுதான் டாண்டம்) முதல்முறை குதிக்கப் போகும் பலர், சொந்தக் கேமராவை மறுக்கிறார்களே, வீடியோவை விற்பதற்காகத்தானா என்று கேட்பதுண்டு. வியாபாரமும் உண்டுதான். ஆனால் மேலே சொன்ன காரணங்கள் எல்லாம் பயணிக்கும் பொருந்தும், இன்னும் கடுமையாகவே. பயணி முன்னால் இருக்கிறார், பயிற்றுநரின் முகம் அவர் தலைக்குச் சற்றுப் பின்னால். பயணியின் ஹெல்மெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கேமரா, பாராசூட் விரியும் உலுக்கலில் நேராகப் பயிற்றுநரின் முகத்தில் மோதலாம். இருவர் உயிரும் அந்தப் பயிற்றுநரின் கையில் இருக்கிறது. கையில் பிடித்த செல்ஃபி குச்சியோ, கைப்பிடிகளையே மறைத்துவிடும்.

பயிற்றுநர் தன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கேமராவும் ஆபத்து இல்லாதது அல்ல. அந்தக் கையால்தான் அவர் கைப்பிடிகளையும் இழுக்க வேண்டும். தனியாகப் பறந்துவந்து படமெடுப்பவருக்கோ வேறு கவலை: டாண்டம் ஜோடிக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும் ட்ரோக் என்ற சிறு பாராசூட்டிலிருந்தும், அவர்களுடைய பெரிய பாராசூட் விரியும் இடத்திலிருந்தும் அவர் விலகி நிற்க வேண்டும். அதனால்தான் மாணவர்களையும் டாண்டம் ஜோடிகளையும் படமெடுக்க, 200க்கும் மேல் கூடுதல் அனுபவமும், முதலில் தேர்ந்தவர்களைப் படமெடுத்த பழக்கமும் கேட்கிறார்கள்.

முதல் டாண்டம் குதிப்புக்குப் போகிறவர் பதிவு மேசையில் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: படமெடுப்பவர் பயிற்றுநரா, தனி ஆளா? அவர் எத்தனை டாண்டம் குதிப்புகளைப் படமெடுத்திருக்கிறார்? நல்ல மையத்தில் இரண்டுக்கும் தயக்கமில்லாமல் பதில் வரும்.